மரத்தைக் குளிப்பாட்டியவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கோதண்டவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எதன் மேலாவது ஆசை வந்துவிட்டால் அது அன்றைக்கே கைக்கு வர வேண்டும். காலையில் மாமரம் பூத்திருப்பதைப் பார்த்தால் சாயங்காலம் மாம்பழம் எங்கே என்று கேட்கிற ரகம்.

அவர் சபையில் ஏகாம்பரம் என்று ஒரு விகடகவி. எல்லாருக்கும் ஏகாம்பு. ராஜாவின் முகம் கொஞ்சம் வாடினால் போதும், "கூப்பிடு ஏகாம்புவை" என்பார்கள். ராஜா சிரித்துவிட்டால் அன்றைக்குச் சபையில் எல்லாருக்கும் சாப்பாடு ருசிக்கும், பிரதானி நரசிங்கராயர் ஒருவரைத் தவிர. அவர் முப்பது வருஷம் கணக்காகப் பேசிச் சம்பாதித்த மரியாதையை ஏகாம்பு மூன்று வாக்கியத்தில் சம்பாதித்துவிடுகிறானே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

இதை ஏகாம்புவின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிற கதை என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எல்லைப்புறத்தில் நடந்த ஒரு சின்னச் சண்டையில் ராஜா ஜெயித்தார். ஜெயித்தவர்கள் வாகைப்பூ சூடுவது வழக்கம். நம் ராஜாவுக்குப் பூ போதவில்லை. வாகை மரத்திலேயே ஒரு மண்டபம் வேண்டும், அதுவும் நாற்பது நாளில் வேண்டும் என்றார். அரண்மனைத் தச்சர் பூவலிங்க ஆசாரியைக் கூப்பிட்டார்கள். ஆசாரி அதிகம் பேசாதவர். பேசினால் மரத்தைப் பற்றி மட்டும் பேசுவார்.

"மகாராஜா, மரம் வெட்டியாகிவிட்டது. ஆனால் அதைக் குளத்தில் ஆறு மாதம் ஊறப்போட வேண்டும். ஊறாத வாகையில் உளி வைத்தால் பின்னால் வண்டு விழும்" என்றார் ஆசாரி.

ராஜா புருவத்தை உயர்த்தினார். எதையோ கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் ஏகாம்பு எழுந்துவிட்டான்.

"மகாராஜா, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குளிக்கிறவன் நான். ஆசாரியாரின் மரங்களோ ஆறு மாதமும் குளிக்கின்றன! அடுத்த பிறவியில் இவர் கையில் ஒரு கட்டையாகப் பிறக்க வரம் வேண்டும். ஆசாரியாரே, முதுகு தேய்த்துவிடவும் ஆள் உண்டா? தலை காயச் சாம்பிராணி போடுவீர்களா?"

ராஜா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சபை அதற்கு மேல் சிரித்தது. ஆசாரி கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். சிரிப்பு ஓய்ந்தபோது கேட்க வந்த கேள்வியை ராஜா மறந்துபோயிருந்தார். "குளியல் எல்லாம் வேண்டாம், நாற்பது நாளில் முடிய வேண்டும்" என்றார். ஆசாரி கும்பிட்டுவிட்டுப் போய், ஈரம் காயாத மரத்தில் உளியை வைத்தார். மண்டபம் நாற்பதாவது நாள் முடிந்தது. பார்க்க அத்தனை அழகு.

மூன்று வருஷம் போயிற்று.

ஒருநாள் வாகை மண்டபத்தில் விருந்து. ராஜா பாயசத்தைக் குடித்துவிட்டு, "இன்றைக்கு என்ன போட்டாய்? மாவு மாவாக, நாக்கில் ஒட்டுகிறது. புது ருசி!" என்று சமையல்காரரைப் பாராட்டினார். சமையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டை வேண்டாம் என்பானேன் என்று கும்பிட்டு வைத்தார். மறுநாளும் பாராட்டு. மூன்றாம் நாள் பாயசத்தில் ஒரு வண்டு நீந்தியது. ராஜா அண்ணாந்து பார்த்தார். உத்தரம் முழுக்கக் குண்டூசித் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் மெல்லிய மரத்தூள், சலித்த மாவு போல, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக ராஜா சப்புக்கொட்டியது மண்டபத்தைத்தான்.

பிறகு ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் வேப்பிலைப் புகை போடச் சொன்னார். வண்டு இருமவில்லை, ராணிதான் இருமினார். ஒருவர் வசம்பை அரைத்துத் தூணெல்லாம் பூசினார். மண்டபம் பிள்ளை பெற்ற வீடு போல மணத்தது, தூள் நிற்கவில்லை. கடைசியில் பிரதானி ஒரு யோசனை சொன்னார். "மகாராஜா, நாட்டில் தங்கள் ஆணைக்கு அடங்காத உயிர் உண்டா? வண்டுகளுக்கும் ஆணை பிறப்பியுங்கள்." உடனே மண்டபத்துக்குள் தமுக்கடித்து, மூன்று நாளில் வண்டுகள் யாவும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று படித்தார்கள். தமுக்கு அதிர்ந்ததில் இன்னும் இரண்டு மரக்கால் தூள் கொட்டியது.

வண்டு அடங்கவில்லை என்றதும் ராஜாவின் கோபம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. "இவற்றை உள்ளே விட்டவன் யார்?"

"மண்டபத்தைக் கட்டியவன் எவனோ, அவன்தான் மகாராஜா" என்றார் பிரதானி.

பூவலிங்க ஆசாரியைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை அவருடைய வலதுகைக் கட்டைவிரலை வெட்டுவது என்று தீர்ப்பு. கட்டைவிரல் போனால் உளி பிடிக்க முடியாது. தச்சனுக்கு அதற்குப் பிறகு என்ன இருக்கிறது?

ஏகாம்புவுக்குச் சோறு இறங்கவில்லை. சபையில் போய் நின்றான். "மகாராஜா, குற்றவாளி ஆசாரி அல்ல."

பிரதானியின் முகம் மலர்ந்தது. பல வருஷமாகத் தேடிய சமயம் இது. குற்றவாளி ராஜா என்று ஏகாம்பு சொன்னால் தலை போகும். பிரதானி என்று சொன்னால் சாட்சி கிடையாது. "அப்படியானால் உண்மையான குற்றவாளியை ஏகாம்பரமே கொண்டுவந்து நிறுத்தட்டும் மகாராஜா. அந்தக் குற்றவாளி தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இல்லையென்றால் ஆசாரியின் விரலோடு இவர் விரலும் போகட்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. உடைவாளின் மேல் கைவைத்து, "வண்டை உள்ளே விட்டவன் எவனாக இருந்தாலும், எந்த அங்கத்தால் அதைச் செய்தானோ அந்த அங்கம் அவன் உடம்பில் இருக்கக் கூடாது. இந்த ஆணையை நானே நினைத்தாலும் மாற்ற முடியாது" என்றார். ராயசக்காரர் அதை ஓலையில் எழுதிக்கொண்டார்.

ஏகாம்பு நேரே சிறைக்குப் போனான். வாசலில் ஆசாரியின் மனைவி வடிவாம்பாள் கஞ்சிக் கலயத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க. இங்கயும் ஒரு வேடிக்கை பண்ணிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

"அம்மா, நான் ஆசாரியாரை வெளியே கொண்டாரத்தான்..."

"மூணு வருஷமா எங்க வீட்டுக்காரருக்குப் பேரே போயிருச்சு, தெரியுமா உங்களுக்கு? குளிப்பாட்டி ஆசாரி. இப்ப அதான் பேரு. கத்திரிக்கா வாங்கப் போனா, 'என்னம்மா, மரத்துக்கு எண்ண தேச்சாச்சா?'ன்னு கேக்குறாங்க. எம் பொண்ணு நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ள வீட்டாளுங்களும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அவரு பந்தியில பாதியில எந்திரிச்சுட்டாரு."

ஏகாம்புவுக்கு இது தெரியாது. தெரியாது என்றால், அந்தப் பெயர் அவன் காதிலும் விழுந்திருக்கிறது. தன் விகடம் ஊரெல்லாம் நடமாடுகிறது என்று அவன் பெருமைப்பட்டிருக்கிறான். அது ஒரு வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டதை நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே ஆசாரி சுவரில் சாய்ந்திருந்தார். ஏகாம்பு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ஆசாரியாரே, அன்னிக்கு நீங்க சொன்னத நாளைக்குச் சபையில ஒருதரம் சொல்லணும். ஊறப்போடணும்னு சொன்னேன்னு சொன்னாப் போதும்."

"வேண்டாங்க."

"விரலு போயிருமே!"

"போகட்டும். ஒரு தடவ சொன்னேன். அதுக்கப்புறம் யாரு வந்து எந்த மரத்தக் காட்டினாலும், 'உங்க இஷ்டம்'னு சொல்லிப் பழகிட்டேன். பூச்சி விழுந்த மரத்தக் காட்டி வாசல் நெல பண்ணச் சொன்னாங்க. உங்க இஷ்டம்னு பண்ணிக் குடுத்தேன். கை அதுபாட்டுக்கு வேல செய்யுது. விரலு மட்டும் இருந்து என்ன ஆகப்போவுது?"

ஏகாம்பு ஒரு விகடமும் சொல்லாமல் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் காலை. வாகை மண்டபத்திலேயே சபை கூடியது. தூள் தலையில் விழாமலிருக்க ராஜாவுக்கு மட்டும் குடை. மற்றவர்கள் தோளெல்லாம் வெள்ளை பூத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆசாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏகாம்பு தன் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றின் மறுநுனியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"என்ன வேஷம் இது?" என்றார் ராஜா.

"சொல்கிறேன் மகாராஜா. அதற்கு முன் ஒரு விண்ணப்பம். மூன்று வருஷத்துக்கு முன் ஆசாரியாரின் மரக் குளியலைப் பற்றி அடியேன் ஒரு விகடம் சொன்னேன். தங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"நினைவில்லாமலா! கண்ணில் நீர் வரச் சிரித்தேனே!"

ராஜா அத்தனை சிரித்த விகடத்துக்குத் தான் சிரிக்கவில்லை என்று பெயரெடுக்க யாருக்குத் துணிச்சல்? சேனாபதி, "எனக்கு விலா இரண்டு நாள் வலித்தது" என்றார். புரோகிதர், "அடியேனுக்குப் புரையேறிவிட்டது" என்றார். பிரதானி இவர்களுக்குக் குறைந்துபோக முடியுமா? ஏகாம்புவைப் பிடிக்காவிட்டாலும் ராஜாவின் சிரிப்புக்குத் துணைபோகாத பிரதானி என்று ஆகிவிடக் கூடாதே. "மகாராஜா, அடியேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அன்று எனக்கு மேல் சிரித்தவர் இந்தச் சபையில் இல்லை."

"ராயசக்காரரே, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டீரா?"

"எழுதியாயிற்று."

"நல்லது. மகாராஜா, குற்றவாளிகள் அனைவரும் தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்."

தூணுக்குள் வண்டு அரிக்கிற சத்தம் மட்டும் கிர்... கிர் என்று கேட்டது.

"ஆறு மாதம் ஊறாவிட்டால் வண்டு விழும் என்று ஆசாரியார் சொன்னார். மகாராஜா ஏதோ கேட்க வாயைத் திறந்தீர்கள். ஏன் என்றுதான் கேட்க வந்தீர்கள். அடியேன் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் முந்திக்கொண்டேன். அந்தக் கேள்வி வெளியே வந்திருந்தால் மரம் குளத்துக்குப் போயிருக்கும். வண்டு நுழைந்த வழி என் விகடம். அதற்குக் கதவு திறந்துவிட்டது சபையின் சிரிப்பு. முதல் குற்றவாளி நான். அங்கம், என் நாக்கு. இதோ, பிடித்துக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டாவது பிரதானியார், அங்கம், அவர் பிடித்துக்கொண்ட வயிறு. மூன்றாவது சேனாபதியின் விலா. நான்காவது புரோகிதரின் தொண்டை. அதற்குப் பிறகு..." ஏகாம்பு நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டான். "எவனாக இருந்தாலும் என்று ஆணை. மாற்ற முடியாது என்றும் ஆணை. அன்று சபையில் சிரிக்காமல் நின்றவர் ஆசாரியார் ஒருவர்தான். ஆணைப்படி விடுதலை ஆகக்கூடியவரும் அவர் ஒருவர்தான்."

பிரதானி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டார். ராஜா தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏகாம்பு, உடைவாள் மேல் சொன்ன சொல். இதற்கு வழி?" என்றார் மெதுவாக.

"ஆணையில் எப்போது என்று எழுதவில்லை மகாராஜா. ஊறாத மரத்தில் உளி வைத்துத்தான் இத்தனையும் வந்தது. ஊறாத தீர்ப்பில் கத்தி வைக்கலாமா? ஓலையை ஆறு மாதம் குளத்தில் ஊறப்போடுங்கள். பிறகு எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே நிறைவேற்றுங்கள்."

ஆறு மாதம் தண்ணீரில் கிடந்த ஓலையில் என்ன இருக்கும்? ராஜாவுக்கு அது புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டுடா கல்லை! போடுடா குளத்தில்!" சபை இந்தத் தடவை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி வாயைத் திறந்து வைத்திருந்தது.

கதையை இங்கே முடிப்பவர்கள் உண்டு. நான் முடிக்கவில்லை, ஏனென்றால் ஏகாம்பு சிரிக்கவில்லை. அவன் ஆசாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஜா ஆசாரியின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, "புதிதாக மரம் வெட்டி வேறு மண்டபம் கட்டலாம். இந்தத் தடவை ஊறப்போடலாமா?" என்று கேட்டார்.

"மகாராஜா சித்தம்" என்றார் ஆசாரி.

"ஆறு மாதம் போதுமா?"

"மகாராஜா சித்தம்."

"ஊறப்போடாமலே கட்டினால்?"

"மகாராஜா சித்தம்."

ராஜா அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு, ஊறப்போட்டே கட்டுங்கள் என்றார். ஏகாம்புவுக்குத்தான் அது என்ன என்று தெரிந்தது. விரலைக் காப்பாற்றியாயிற்று. தெரிந்ததைச் சொல்கிற வாயை அவன் மூன்று வருஷத்துக்கு முன்பே வெட்டிவிட்டிருந்தான். அதற்கு எந்த ஓலையை எந்தக் குளத்தில் போடுவது?

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!" என்றார் ராஜா.

"மரம் குளத்தில் கிடக்கிற வரைக்கும் அதற்குக் காவல் இருக்க உத்தரவு வேண்டும். அதுவரை சபைக்கு வராமலிருக்கவும் உத்தரவு வேண்டும்."

ராஜா இதுவும் விகடம் என்று நினைத்து இன்னொரு தடவை சிரித்து, உத்தரவு கொடுத்தார்.

மறுமாதம் வாகைக் கட்டைகள் ஊர்ப் பெருங்குளத்தில் இறங்கின. ஏகாம்பு படித்துறையில் ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். விடிந்தால் மிதக்கிற கட்டைகளைக் கழியால் அமுக்குவது, பாசியை ஒதுக்குவது, வெயில் ஏறினால் பந்தலுக்குள் ஒதுங்குவது, இதுதான் வேலை. ஊர் சும்மா இருக்குமா? தண்ணீருக்கு வந்தவர்கள், "என்ன ஏகாம்பு, மரத்துக்கு முதுகு தேச்சாச்சா?" என்றார்கள். "சாம்பிராணி எப்ப போடப்போறீங்க?" என்றார்கள். அவன் சொன்ன விகடமே அவனிடம் திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவனிடம் சூடான பதில் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "இன்னும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னான். நாலாவது மாதம் அவனுக்குக் குளிப்பாட்டி ஏகாம்பு என்று பெயர் வந்துவிட்டது. அதைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டான். ஒரே பெயரை இரண்டு பேர் எத்தனை நாள் சுமப்பார்கள், ஒருவரிடமிருந்து இறங்கித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தான். ஆனால் அது முழுக்க இறங்கவில்லை. கடைத்தெருவில் சிலர் ஆசாரியைப் பழைய பெயரில்தான் கூப்பிட்டார்கள். வாயை விட்டுப் போனதைத் திரும்பப் பிடிக்க அவனால் முடியவில்லை.

ஆசாரி குளத்துப் பக்கமே வரவில்லை.

ஆறாவது மாதக் கடைசியில் ஒரு காலை, வந்தார். மேல்படியில் நின்று குளத்தைப் பார்த்தார். ஏகாம்பு எழுந்து நின்றான். ஆசாரி கையை நீட்டினார்.

"அந்த ஓரத்துக் கட்டை சரியில்ல. மேல்பக்கம் நனையவே இல்ல. புரட்டிப் போடணும்."

ஏகாம்புவின் நாக்கு நுனியில் அருமையான விகடம் ஒன்று வந்து நின்றது. ராஜா கேட்டிருந்தால் ஒருவாரம் சிரித்திருப்பார். அதை விழுங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கட்டையைப் புரட்டினான்.

"தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் அமுக்குங்க. ஆங். அவ்வளவுதான்."

"நாளையோட ஆறு மாசம் முடியுது ஆசாரியாரே. எடுத்துரலாமா?"

ஆசாரி கட்டைகளின் பருமனை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உங்க இஷ்டம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஏகாம்பு தண்ணீரில் நின்றபடியே பயந்தான்.

"வேண்டாம். இது பெருத்த மரம். இன்னும் ஒரு மாசம் கெடக்கணும்."

"ஏன்?" என்றான் ஏகாம்பு.

ஆசாரி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அதில் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். இல்லை. துண்டை உதறிப் படியில் விரித்து உட்கார்ந்தார்.

"வாகைக்குள்ள ஒரு இனிப்பு இருக்குங்க. வண்டு அதுக்குத்தான் வருது..." என்று சொல்ல ஆரம்பித்தார். ஏகாம்பு தண்ணீரை விட்டு ஏறாமல் நின்று, கடைசிவரை கேட்டான்.